சித்தார்த் அப்பாவின் குரல்

"பேரன்ட்ஸ், ஒரு சின்ன மாற்றம். இந்த வருஷம் மெடல் போட மட்டும் மேடைக்கு வாங்க. மைக்கில் யாரும் பேச வேண்டாம்."

வீணா மிஸ் சொல்லி முடித்ததும் ஹால் முழுக்க முணுமுணுப்பு.

எங்கள் பாய்ஸ் ஸ்கூலில் பரிசளிப்பு விழா என்றால் பையன்கள் சும்மா ஒரு சாக்கு. ஓடினவன், பாடினவன், நாடகத்தில் மரமாக நின்றவன், யாராக இருந்தாலும் பெற்றவர்தான் வந்து மெடலை மாட்ட வேண்டும். மாட்டிவிட்டு மைக்கில் மகனைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும். அதுதான் வழக்கம். போன வருஷம் ஷெர்வினின் அப்பா மகனை விட்டுவிட்டு, தான் காலேஜில் கோல் அடித்த கதைக்குப் போய்விட்டார். பி.டி. மாஸ்டர் ஓஸ்வால்ட் சார் விசில் ஊதித்தான் இறக்கினார்.

என் அம்மா தனலக்ஷ்மி ஒரு வாரமாக ஜோகுபாளையம் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, "மை சன் கவின் இஸ் மிமிக்ரி சாம்பியன்" என்று ஆரம்பிக்கும் ஸ்பீச்சை உருப்போட்டிருந்தாள். புதுப் புடவை வேறு. இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து, மேடை ஓரத்தில் நின்ற என்னை முறைத்தாள், தடை போட்டதே நான்தான் என்பது போல. பக்கத்து ஆன்ட்டியிடம் அவள் என்னவோ பேசியது கேட்கவில்லை. கேட்கவே வேண்டாம். உதட்டைப் பார்த்து, அம்மா குரலிலேயே எங்கள் வரிசைக்கு டப்பிங் கொடுத்தேன்.

"இந்த மிஸ்ஸுக்கு மைக்கை விட மனசு வராதுடி. எல்லாத்தையும் அவங்களே பேசணும்."

வரிசை குலுங்கியது. எனக்கு முன்னால் நின்ற சித்தார்த் மட்டும் சிரிக்கவில்லை. இந்த வருஷம்தான் எங்கள் வகுப்பில் சேர்ந்தவன், ஹர்டில்ஸ் தடையோட்டத்தில் முதலிடம். பெற்றவர் வராதவனுக்கு மெடலைத் திங்கட்கிழமை ஆபீஸில் கொடுத்துவிடுவார்கள். அப்படியிருக்க, தன்னை எதற்கு வரிசையில் நிற்கச் சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"உங்கப்பா வரலைன்னு போன் போயாச்சு. அப்புறம் என்னடா?" என்றேன்.

போன் பண்ணியது நான்தான்.

அவன் அம்மாவுக்கு விழா அன்று ஆஸ்பத்திரியில் டியூட்டி. அப்பாவிடம் விழாவைப் பற்றி அவன் மூச்சே விடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அங்க நின்னு மைக்ல பேசணும்டா" என்றான். சரி, கூச்சப்படுகிற அப்பா போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

"குரல் எப்படி இருக்கும்?"

"ஏதோ ஒண்ணு. அப்பா மாதிரி."

அளவே கொடுக்காத கிராக்கி கிடைத்தால் டெய்லருக்குக் கொண்டாட்டம்தானே. எங்கள் வாட்ச்மேனின் கரகரப்பு, மாமாவின் இருமல், ஆட்டோக்காரரின் கன்னடம், எல்லாம் சேர்த்து ஒரு அப்பாவைத் தைத்தேன். அவன் அம்மா போனில் இருந்து வீணா மிஸ்ஸைக் கூப்பிட்டு, "நமஸ்கார மிஸ், சித்தார்த் அப்பா பேசறேன். வைட்ஃபீல்ட்ல டியூட்டி. பரக்காகல்ல, வர முடியாது" என்று இருமினேன். யார் பேசுவது என்று மிஸ் இரண்டு தடவை கேட்டார். அப்புறம், "ஆய்த்து சார், பரவாயில்லை" என்று வைத்துவிட்டார்.

நான் ஒரு குத்தாட்டமே போட்டேன். சித்தார்த், "அதே குரல்ல, நல்லா ஓடினடா சித்துன்னு சொல்லு" என்றான். சொன்னேன். இன்னொரு வாட்டி என்றான். அதையும் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தேன். தலை குனிந்துகொண்டான்.

இப்போது மைக்கில் அவன் பெயர். கூடவே, "அவர் அப்பா திரு. தாஸ்."

பின்வரிசையில் இருந்து ஒருவர் எழுந்தார். கழுத்தில் கம்பெனி டேக், நேராக வேலையில் இருந்து வந்திருக்கிறார். சித்தார்த் கல்லாகிவிட்டான். "மாட்டினோம் மச்சா" என்றேன், என் சொந்தக் குரலில். அது எப்போதாவதுதான் வரும்.

மிஸ் அவனை மேடைக்குத் தள்ளாத குறை. தாஸ் மெடலை மாட்டினார். இறங்கவில்லை. மகனுக்கு எதிரே நின்று கையைத் தூக்கினார். இரண்டு விரல்கள் ஓடின. இன்னொரு கையைத் தடையாக வைத்தார், விரல்கள் அதைத் தாண்டின. மறுபடி ஓடி, மறுபடி தாண்டி, கடைசியில் அவர் நெஞ்சில் வந்து நின்றன. வாயில் இருந்து ஒரு சத்தம் இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் தைத்துக் கொடுத்த மாதிரி ஒரு குரலை அவன் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை.

சித்தார்த்தின் கைகள் பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தன. ஸ்கூலில் சேர்ந்ததில் இருந்து அவை அங்கேதான். ஸ்டைல் காட்டுகிறான் என்று அதையும் நான் நடித்துக் காட்டியிருக்கிறேன். மொத்த ஹாலும் அவனைப் பார்த்தது. அப்பா காத்திருந்தார்.

ஒரு கை மெல்ல வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. தட்டுத்தடுமாறி ஆரம்பித்த விரல்கள் போகப் போக வேகம் பிடித்தன. நிறுத்தவே இல்லை, ஷெர்வின் அப்பாவையே மிஞ்சிவிட்டான். ஓஸ்வால்ட் சார் விசிலைத் தொடவில்லை. முன்வரிசையில் என் அம்மா ஸ்பீச் பேப்பரை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்து என் முறை. படியேறும்போது வீணா மிஸ் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"மிஸ், அவங்க அப்பாவை நீங்கதான் வரச்சொல்லி..." என்று இழுத்தேன்.

"அட்மிஷன் அன்னிலேர்ந்து அவரோட வாட்ஸ்அப்லதான் பேசறேன் கவின். அன்னிக்கு அவர் இருமிக்கிட்டே போன் பண்ணப்பதான், சித்தார்த் எதுக்கு பயப்படறான்னு எனக்குப் புரிஞ்சுது" என்றார். "அதான், இந்த வருஷம் யாருக்குமே மைக் இல்லை."