மேட்டைத் தாண்டாத நத்தைகள்

அணை நிரம்புவதற்குள் ஆற்றோரத்து நத்தைகளைக் கூடையில் சேர்த்துக்கொண்டிருந்தாள் ஆய்வாளர் எழிலரசி. ஈரத்தில் மட்டுமே வாழும் அந்த இனம், காய்ந்த மலைமேட்டைத் தாண்டி எங்கும் பரவியதில்லை. வீட்டைக் காலிசெய்துகொண்டிருந்த பொன்னுத்தாயும் அவள் கணவன் சடையனும் கூடவே பொறுக்கினார்கள்.

"இதுங்கள எங்கம்மா விடுவீங்க?" என்று கேட்டான் சடையன்.

"அடுத்த பள்ளத்தாக்குலண்ணே. அங்கயும் ஆறு இருக்கு."

"எங்களையும் அங்கதான் போகச் சொல்லியிருக்காங்க."

மழைக்காலம் முடிந்து எழிலரசி அங்கே போனபோது, கரைப் புல்லை விலக்கிய இடமெல்லாம் வெற்று ஓடுகளே வெளுத்துக் கிடந்தன; சிலவற்றைப் பொறுக்கினாள். தகரக் குடியிருப்பிலிருந்து பொன்னுத்தாய் மட்டும் இறங்கி வந்தாள்.

"பொழச்சுக்கிச்சாம்மா?"

எழிலரசி ஓடுகளோடு கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"பொழச்சுக்கிச்சுக்கா."

"அதுகளாவது தாங்குச்சே" என்றாள் பொன்னுத்தாய். "அவரு மார்கழி வரைக்கும்கூட தாங்கல."