சைவக் கையெழுத்து

"முட்டை ஆய்வு எழுதுற அந்த அம்மாவை மாத்துங்க சார். வேற பேச்சே இல்லை."

முட்டை மொத்த வியாபாரி நின்றுகொண்டே கத்தினார். பள்ளிக்கூட மதிய உணவில் முட்டை சேர்ப்பதா, பருப்பையே தொடர்வதா? இந்த உணவு ஆய்வுக்கூடம் சொல்வதுதான் முடிவு. அவருடைய ஒரு வருஷப் பிழைப்பு அதில் தொங்கியது.

"அவங்க என்ன பண்ணினாங்க?" என்றார் இயக்குநர்.

"பொறந்ததுலேர்ந்து சைவமாம். முட்டையை வாயில வைக்காதவங்க அதைப் பத்தி என்னத்தை எழுதுவாங்க? காலை வாரிடுவாங்க சார்."

"சரி, யாரைப் போடலாம்?"

"பக்கத்து ரூம் ஆய்வாளர், அந்தக் கண்ணாடிக்காரர். வாராவாரம் என் கடையில ஒரு ட்ரே வாங்குறார். அவர்தான் நம்ம ஆளு."

இயக்குநர் சிரித்துவிட்டார். "முதல்ல எழுதினதே அவர்தான். 'முட்டை தேவையில்லை'ன்னு ஒரே வாரத்துல எழுதி நீட்டிட்டார்."

வியாபாரி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்போ அந்த ட்ரே?"

"அது அவர் வீட்டு நாய்க்கு. சின்ன வயசுல தினமும் அவங்க அப்பா மூக்கைப் பிடிச்சுப் பச்சை முட்டையை ஊத்துவாராம். இன்னிக்கும் வாடை பட்டா குமட்டுது."

"அடப்பாவி. அப்புறம்?"

"அந்த அம்மாதான் விடலை. 'அவருக்கு வெறுப்பு, எனக்குப் பழக்கமில்லை. ரெண்டு பேர் கண்ணையும் நம்பக் கூடாது'ன்னுட்டாங்க. சோதனையில இருந்த பிள்ளைங்கள்ல எது முட்டை சாப்பிட்டுது, எது பருப்பு சாப்பிட்டுதுன்னே தெரியாத ஒரு நர்ஸை வெச்சு, எல்லாருக்கும் மறுபடி உயரம், எடை எடுத்தாங்க. முட்டை சாப்பிட்டதுங்கதான் நல்லா வளர்ந்திருக்கு. 'நான் சைவம்'னு முதல் வரியிலேயே போட்டுட்டு, அதையும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. கண்ணாடிக்காரரும் பார்த்து ஒத்துக்கிட்டார். இப்போ சொல்லுங்க, மாத்தட்டுமா?"

"எதுக்கு சார்? மகராசி நல்லா இருக்கட்டும்."

கதவைத் தள்ளிக்கொண்டு அந்த அம்மாவே உள்ளே வந்தார். கையில் புது நோட்டு.

"ஐயா, நல்ல நேரத்துல வந்தீங்க. அடுத்த ஆய்வு பெரியவங்களுக்கு. தினம் ரெண்டு முட்டை சாப்பிடற ஆளுங்க வேணும். முதல் பேரா உங்களையே எழுதிக்கட்டுமா?"

அன்று முதல்முறையாக வியாபாரியின் குரல் இறங்கியது.

"வேண்டாம்மா. முப்பது வருஷமா விக்கிறேன். வாயில வெச்சதில்லை."