ரயில் ஓடும் சுவர்

"இந்தச் சுவர்ல மட்டும் கை வைக்க வேணாம் சார்" என்றாள் வாடகைக்கு இருக்கும் தையல்காரி.

வீட்டுச் சொந்தக்காரனுக்குச் சுருக்கென்றது. வீடு அவனுடையது, செலவும் அவனுடையது. பெயின்டரைக் கையோடு கூட்டி வந்திருக்கிறான். குடியிருக்கிறவள் குறுக்கே நிற்கிறாள்.

அது சுவரா என்ன? ஹால் நீளத்துக்கும் ஒரு ரயில். ரயில் டிரைவராக இருந்த அவன் அப்பா, லீவு நாட்களில் தானே வரைந்தது. எஞ்சினில் அப்பா. பெட்டி ஜன்னல்களில் அம்மா, அத்தைகள், சித்தப்பா, மூக்கொழுகிக்கொண்டு அவன். அம்மா முகம் கொஞ்சம் சித்தப்பா மாதிரி. சித்தப்பா முகம் கொஞ்சம் எஞ்சின் மாதிரி.

அம்மா போனபிறகு அப்பாவை அடுத்த தெருவில் தன் ஃப்ளாட்டுக்குக் கூட்டிப் போய்விட்டு, வீட்டை இருந்தது இருந்தபடியே வாடகைக்கு விட்டிருந்தான். இப்போதுதான் அதைப் புதுசாக்கக் கை ஒழிந்தது.

"உங்களுக்கு நல்லதுதானேம்மா? யாரோ குடும்பம் முறைச்சுப் பாத்துட்டே இருந்தா சோறு எப்படி இறங்கும்?"

"பழகிடுச்சு சார். உங்க சித்தப்பா முறைச்சாத்தான் எனக்கு ஊசியில நூலே ஏறுது."

பெயின்டர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

"சரி, அந்த ஈஸிசேரையாவது தூக்கிப் போடலாமா? துணி பூரா ஒட்டு."

"ஒட்டு போட்டதே நான்தான் சார். கிச்சன், ரூமெல்லாம் என்ன கலர் வேணா அடிங்க. ஹால் மட்டும் இப்படியே இருக்கட்டும்."

பெயின்டர் அவன் காதோரம் குனிந்தார். "வீடு பழசா இருந்தா வாடகை ஏறாதில்ல சார், அதான்."

ஓ, அப்படியா சேதி.

"இங்க பாருங்க. நாளைக்கு வேலை ஆரம்பிக்குது. ஒத்து வரலேன்னா வேற வீடு பாத்துக்குங்க."

அவள் முகம் சுண்டிப்போனது. வாசலை எட்டிப் பார்த்தாள். "சரி சார். நாளைக்குப் பேசிக்கலாம். இப்ப கொஞ்சம் கிளம்பறீங்களா?"

"ஏன், யாராவது வராங்களா?"

அவள் மறுபடி வாசலைப் பார்த்தாள். இதில் என்னவோ இருக்கிறது என்று அவன் நகராமல் நின்றான்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளே வந்தது, அவன் அப்பா.

ஃப்ளாட்டில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தினமும் கேட்கிற அப்பா. பெற்ற மகனையே சில நாள் யார் என்று கேட்கிற அப்பா. இங்கே செருப்பைக் கதவோரம் விட்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நேரே போய் ஈஸிசேரில் சாய்ந்து, ரயிலைப் பார்த்தபடி கால் நீட்டிக்கொண்டார்.

"மதியத்துல பார்க்குக்குத்தானே போறார்?" என்றான் அவளிடம்.

"தினம் இங்கதான் சார் வரார்" என்றாள் அவள் மெதுவாக. "வர்றதுக்கு வழி தெரியுது. திரும்பிப் போகத்தான் தெரியல. நான்தான் உங்க ஃப்ளாட் கேட் வரைக்கும் கொண்டுவந்து விடறேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வெளியவே விடமாட்டீங்களோன்னு பயம் சார். இந்தச் சுவரப் பாத்தாத்தான் அவர் முகத்துல ஒரு தெளிவு வருது."

அப்பா திரும்பிப் பார்த்தார். கண் மகன் மேல் நிற்காமல் நழுவி, அவளிடம் போனது.

"என்னம்மா, நீ இன்னும் ஊருக்குக் கிளம்பலையா?"

"ரெண்டு நாள்ல கிளம்பிடுவேன்பா" என்றாள், தினமும் சொல்லிப் பழகிய குரலில்.

"என்ன அவசரம்? நம்ம வீடுதானே. எத்தனை நாள் வேணாலும் இருந்துட்டுப் போ."

பெயின்டர் தொண்டையைச் செருமினார். "சார், அப்போ நாளைக்கு நான் வரணுமா?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அதான், வீட்டுக்காரரே சொல்லிட்டாரே."