படம் நின்ற இடம்

ஆடிக் காற்று தொடங்க இரண்டே நாள்தான் இருந்தது. எந்தக் கிளை தாங்கும், எது முறியும் என்று மரங்கொத்தி டீச்சர் பத்து நாளாக அணில்குட்டிகளுக்கு ஆன்லைனில் பாடம் நடத்திவந்தாள். மரத்துக்கு ஒரு குட்டி, ஆளுக்கொரு போன்.

"புரிஞ்சுதா?" என்றாள். பதினோரு குட்டிகள், "புரிஞ்சுது டீச்சர்" என்றன. புளியமரத்துக் குட்டி மட்டும், "படம் நின்னுடுச்சு டீச்சர்" என்றது.

"உனக்கு மட்டும் எப்படி நிக்கும்? சாக்கு சொல்லாத!" என்று அதை வகுப்பிலிருந்து நீக்கினாள்.

மறுநாள், ஆன்லைனில் நடத்துவது எப்படி என்று டீச்சர்களுக்கே ஓர் ஆன்லைன் வகுப்பு. நடத்திய கொக்கு சார் பாதியில் அலகைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார். திரையில் வட்டம் சுற்றியது. மரங்கொத்தி போனைத் தூக்கிக்கொண்டு கிளை கிளையாக அலைந்தாள். சிக்னல் வந்தபோது சார் பாடத்தையே முடித்திருந்தார்.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்" என்றாள் மைனா டீச்சர். மீன்கொத்தி சாரும் அதையே சொன்னார். மரங்கொத்தியும் சொல்லிவிட்டாள்.

அடுத்த நாள் அவள் வகுப்பில் பதினோரு "புரிஞ்சுது டீச்சர்" வந்ததும் பாடத்தை நிறுத்தினாள். வெளியே காற்று கிளம்பிவிட்டது. அவசரமாகப் புளியமரத்துக் குட்டியைக் கூப்பிட்டாள்.

"முந்தாநாள் எந்த இடத்துல படம் நின்னுச்சு, சொல்லும்மா."

"முந்தாநாள் இல்ல டீச்சர், முதல் நாளே நின்னுடுச்சு" என்றது குட்டி. "எங்க எல்லாருக்கும்தான்."