பெஞ்சில் ஒரு ஆட்டக்காரர்

"இன்னிக்காவது ஆடுவீங்களா? கோபாலசாமி அங்கிள் நாளைக்கு ஈரோடு போறார். நீங்க கோல் போடுற கேசட்டை மாமாவுக்குக் குடுத்து விடணும்" என்றாள் மனைவி தாமரைச்செல்வி.

ரஞ்சித்குமார் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். டெக்ஸாஸில், ஆலன் பார்க்கில் அவனுடைய ஆபீஸ் சாக்கர் டீம் அவன் இல்லாமலே ஆட ஆரம்பித்தது.

தாமரைச்செல்வி கையிலிருந்த வீடியோ கேமராவை மூடிவிட்டு, டீமை உருவாக்கிய மெக்ரேயிடம் நேரே போனாள். ஸ்காட்லாந்தில் பிளேயராக இருந்து, யார் ஆடுவது என்று முடிவு செய்யும் டீம் மேனேஜர் ஆனவர். ரிட்டயர் ஆகி டெக்ஸாஸ் வந்தவர்.

"நீங்களும் ஆடினவர்தானே? பெஞ்சுல உட்கார்ந்தா எப்படி வலிக்கும்னு தெரியாதா?" என்றாள் இங்கிலீஷில்.

"தெரியும். நான் மேனேஜர் ஆனதும் டீமை விட்டு முதல்ல தூக்கினது என்னையேதான். கால்ல வேகம் போயிடுச்சு."

"சரி, எங்க ரஞ்சித்தை எதுக்குத் தூக்கினீங்க?"

"நான் தூக்கலையே! போன மாசத்துலேருந்து மேனேஜர் அவர்தான். உங்ககிட்ட சொன்னா, 'அப்ப டீம்ல உங்களையே போட்டுக்கோங்க'ன்னு சொல்வீங்கன்னு பயப்படுறார்."

அவள் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் ரஞ்சித் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று, யார் எங்கே ஓட வேண்டும் என்று மைதானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

கேமராவைத் திறந்து அவன் பக்கம் திருப்பினாள்.

"மாமா, நல்லாப் பாருங்க. மொத்த டீமும் உங்க பையன் சொல்றபடிதான் ஓடுது."