பத்தாவது கையெழுத்து

"தண்ணியை விட்டு வெளியே வந்த அன்னிக்குத்தான் மனுஷன் மனுஷனானான். திரும்ப அதுக்குள்ள இறங்கறவன் பரிணாம வளர்ச்சிக்கே துரோகி."

குடியிருப்போர் சங்கத் தலைவர் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. முப்பது வருடம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவியவர். குடியிருப்பில் எல்லோரும் அவரை 'புரொபசர்' என்றார்கள். அவரும் திருத்தி யாரையும் சங்கடப்படுத்தியதில்லை.

அன்றைய விவாதம், பொது நீச்சல் குளத்தை வைத்துக்கொள்வதா மூடுவதா என்பது. கூட்டமும் குளத்தோரமே நடந்தது. டைல்ஸ் பாதி உதிர்ந்துவிட்டது; பல் எடுத்த வாய் மாதிரி இருக்கிறது என்று செயலாளரான பல் டாக்டர் தொழில்முறையாகக் கருத்துச் சொன்னார். குதிக்கும் பலகையில் யாரோ போர்வை காயப்போட்டிருந்தார்கள். ஆழமான பக்கம் ஒரு தவளை குடியிருந்தது. குளத்தைத் தவறாமல் பயன்படுத்துவது அது ஒன்றுதான் என்பதால், அதற்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு, குளத்தில் மண்ணடித்துக் கார் நிறுத்தலாம் என்றார் புரொபசர்.

குளத்தில் நீச்சல் சொல்லிக்கொடுக்கும் விசில் அக்கா ஓரமாக நின்றிருந்தார். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. குளம் போனால் அவருக்கு வேலை போகும். குளத்தை ஒட்டிய ஒற்றை அறை வீடும் போகும்.

"ஆள் வராங்க சார். பெரியவங்களுக்குக் கூடக் கத்துக்கொடுக்கறேன்" என்றார்.

"பெரியவங்களா? எதுல, இதுலயா?" தரையில் கிடந்த மஞ்சள் வாத்து டியூபைச் செருப்புக் காலால் நகர்த்தினார் புரொபசர். "மண்டை நரைச்சப்புறம் வாத்துக்குள்ள இடுப்பை நுழைக்கிற ஒருத்தனைக் காட்டு. என் தலைவர் பதவியை அவனுக்கே குடுத்துடறேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

பிறகு புரொபசரே பெரிய மனதோடு ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். குளத்தில் இறங்குகிற ஒவ்வொருவரும் போகும்போது நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசியில் பத்து வெவ்வேறு ஆட்கள் தேறினால் குளம் இருக்கும். ஒன்பது என்றால் மண். "கையெழுத்து படிக்கிற மாதிரி இருக்கணும். படிக்க முடியாத ஆள், இல்லாத ஆள். எழுதிக்குங்க டாக்டர்."

டாக்டர் எழுதிக்கொண்டார்.

மாதக் கடைசியில் அதே பிளாஸ்டிக் நாற்காலிகள். புரொபசருக்கு மட்டும் கடும் ஜலதோஷம். இரண்டு காதிலும் பஞ்சு. சங்க வேலைக்கு அலைந்து அலைந்து மனிதர் உடம்பைக் கெடுத்துக்கொண்டார் என்று பின்வரிசையில் உச்சுக்கொட்டினார்கள்.

டாக்டர் நோட்டைப் புரட்டி எண்ணினார். தையல்காரர், அவருடைய மச்சான், மூன்று நர்ஸுகள், இரண்டாம் மாடித் தம்பதி, பஸ் டிரைவர், அவருடைய மாமியார். ஒன்பது.

பத்தாவதாக ஒரு கறை இருந்தது. இருபத்தாறு நாள், விடிகாலை ஐந்தரை மணிக்கு, முதல் வரியில் ஈரக்கையால் போட்டு மை கரைந்த நீலக் கறை. மற்றவர்கள் கையைத் துடைத்துவிட்டுப் போடுவார்கள், இவர் யாரும் பார்ப்பதற்குள் ஓட வேண்டும் என்ற அவசரத்தில் போடுவார் என்று விளக்கினார் அக்கா.

புரொபசர் செருமினார். "கறையா இருந்தாலும் ஆள் ஆள்தானே டாக்டர்?"

அவருக்குள்ளும் இப்படி ஓர் ஈரமா என்று கூட்டம் வியந்தது. டாக்டர் வியக்கவில்லை.

"நீங்க போட்ட சட்டம் சார். படிக்க முடியாத ஆள், இல்லாத ஆள்." அக்கா பக்கம் திரும்பினார். "யாருக்கா அது?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன் டாக்டர்."

"வேலை போயிடும்."

"தெரியுது."

"ஆள் எப்படின்னாவது சொல்லுங்க."

"வயசானவர். முதல் நாள் சும்மா எட்டிப் பார்க்க வந்து, வழுக்கி உள்ள விழுந்தார். அப்புறம் வெளிய வர மாட்டேன்னுட்டார். இன்னும் வாத்து டியூபை விடல. மூணடித் தண்ணில கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு என் கையைப் பிடிச்சுக்குவார்."

போன மாதத்தைவிடப் பெரிய சிரிப்பு. புரொபசர் தும்மினார்.

இங்கே இருந்தால் எழுந்து வரட்டும் என்று டாக்டர் மூன்று முறை கேட்டுப் பார்த்தார். ஒரு நாற்காலிகூடக் கிரீச்சிடவில்லை. சரி என்று மூடும் தீர்மானத்தை எழுதி, நோட்டையும் பேனாவையும் கையெழுத்துக்காகப் புரொபசர் முன்னால் நகர்த்தினார்.

அக்கா கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

புரொபசர் விசிலையே பார்த்தார். பிறகு உள்ளங்கையை வேட்டியில் இரண்டு முறை நன்றாகத் துடைத்துக்கொண்டார். தீர்மானத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, நோட்டின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு நீலக் கறைக்குப் பக்கத்திலும் தன் பெயரை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி, இருபத்தாறு முறை எழுதினார்.

கொடுத்த வாக்குப்படி, தலைவர் பதவியையும் அந்த ஆளுக்கே விட்டுவைத்தார்.

எழுந்து போகும்போது அக்காவிடம் குனிந்து, "வாத்துல காத்து கம்மியா இருக்கு. காலைல கொஞ்சம் அடிச்சு வைம்மா" என்றார்.