சோத்தாங்கை கியர்

“இந்த வண்டில பீச்சாங்கையால கியர் போடக் கூடாது. கியரச் சோத்தாங்கைப் பக்கம் மாத்திக் குடுங்க பாய்!”

பெரம்பலூர் சிக்கந்தர் பாயின் ஒர்க்‌ஷாப்பே கொல்லென்று சிரித்தது. சொன்ன குருநாதன் மட்டும் சிரிக்கவில்லை.

“நாட்டுலதான் எமர்ஜென்சி. பீச்சாங்கைக்குமா?” என்றார் எதிர் டீக்கடைக்காரர்.

பாய்க்கு வயிறு எரிந்தது. “மொதலாளி, இது ஜமீன் ஏலத்துல வந்த சீமை பிளசர் காரு. இதுல போயி கை வைக்கலாமா? ஜமீன்ல எந்தக் கையால கியர் போட்டாங்களாம்?”

“அதான் ஜமீனே முழுகிப் போச்சு. புதன்கெழம ஒரு நல்ல காரியமாத் திருச்சிக்குப் போறேன். கெளம்பறப்பவே பீச்சாங்கையா? ஆகாதுன்னா ஆகாது!”

பக்கத்தில் நின்ற டிரைவர் வைரக்கண்ணுவுக்கோ உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவன் இடது தோள் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடிக்கத் தாங்கும். ஆனால் இறுகிப்போன அந்தப் பழைய கியரைத் தள்ளினால் உயிர் போகும். வெளியே சொன்னால் வேலை போய்விடுமே! பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டி வந்தான். இனித் தாங்காது என்று கிடந்த நேரத்தில், முதலாளிக்கு இப்படி ஒரு கிறுக்கு!

“மொதலாளி சொல்றது நெசந்தான் பாய். சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குல்ல?” என்று கூசாமல் ஒத்து ஊதினான்.

பாய் தலையில் அடித்துக்கொண்டு வேலையில் இறங்கினார். சீட்டுக்கு அடியில் குறுக்கே ஒரு ராடு விட்டு, கதவோரமாகப் புதுக் கியர்க் கம்பியை நட்டார். வைரக்கண்ணு ஏறி உட்கார்ந்து, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, கிளட்சை விட்டான்.

வண்டி பின்னால் பாய்ந்து டீக்கடை பெஞ்சைச் சாய்த்தது!

“யோவ், முன்னால போகச் சொன்னா பின்னால வருது! இதுவும் சாஸ்திரமா?” என்று கத்தினார் டீக்கடைக்காரர்.

ராடு சுழலும் போக்கில் கியர் தலைகீழாக விழுந்திருந்தது. பாய்க்கு ரோசம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் கழற்றினார். நடுவில் இன்னொரு துண்டு ராடு கொடுத்து, போக்கைத் திருப்பினார். இந்தத் தடவை ஒரு விரலால் தள்ளினாலே கியர் விழுந்தது.

“மாஷா அல்லா! சீமக்காரனுக்கே இது தோணலியே!” என்று பாய் தன்னையே மெச்சிக்கொண்டார். வண்டியைக் கெடுக்கிறோமே என்று புலம்பியதெல்லாம் போன இடம் தெரியவில்லை.

புதன்கிழமை. திருச்சி ரோட்டில் பிளசர் பறந்தது. வைரக்கண்ணு தேவையில்லாத இடத்தில்கூட கியரை மாற்றி மாற்றிப் போட்டான். அவ்வளவு சந்தோஷம். வலியும் இல்லை, வேலைக்கும் பங்கமில்லை. இந்தக் கிறுக்கு மனுஷன் நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்று மனசார வாழ்த்தி, வாயை மூடிச் சிரித்துக்கொண்டான்.

“ஏதோ நல்ல காரியம்னீங்களே மொதலாளி, எங்கீங்க போவணும்? சமயபுரமா, மலைக்கோட்டையா? இல்ல, பாப்பாவுக்கு வரன் பாக்கவா?”

பின்சீட்டில் குருநாதன் கண்ணை மூடியபடியே சொன்னார்.

“எலும்பு டாக்டர்கிட்டடா. உன் தோள்பட்டையக் காட்டத்தான்.”